கேத்தரின் பார் வாழ்க்கையை எழுதப் புகுந்தவருக்கு

கேள்வி: எட்டாம் ஹென்றியின் ஆறாவது ராணி கேத்தரின் பார் பற்றித் தமிழில் 120 பக்க அளவில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே கதைதான் வருகிறது: கால் புண்ணோடு கிடந்த கிழ மன்னரைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளை ஒன்றுசேர்த்தார், தலை தப்பினார். இதை வைத்து 20 பக்கம்கூடத் தேறவில்லை. கைது உத்தரவு கீழே விழுந்து கிடந்ததாகச் சொல்லும் கதை உண்மைதானா? அதை முதல் அத்தியாயமாக வைக்கலாமா? நான்காவது கணவர் தாமஸ் சீமோரும் சிறுமி எலிசபெத்தும் சம்பந்தப்பட்ட விவகாரத்தை எப்படி எழுதுவது? காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய மூல ஆவணங்கள் உண்டா? அட்டைக்கு எந்தப் படம் போடலாம்?

பதில்: 20 பக்கம் தேறாததற்குக் காரணம் நீங்கள் அல்ல. நீங்கள் படித்த கட்டுரைகள் எல்லாம் மன்னரின் படுக்கை அருகே நின்றுகொண்டு ராணியைப் பார்க்கின்றன. அங்கிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். ஹென்றியின் வம்சமான டியூடர்கள் ஆண்ட காலத்தில் ராணி என்பது ஒரு பதவி. அந்தப் பதவிக்கு நிலம் உண்டு, நிலத்துக்குக் கணக்கு உண்டு, கணக்குப் பார்க்க அதிகாரிகளும் ஆலோசனை சொல்ல ஒரு குழுவும் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவோ வழக்காடவோ முடியாது; எல்லாம் கணவர் பெயரில்தான். அந்த விதிக்கு ராணி விலக்கு. கேத்தரின் தம் பெயரில் நிலம் வைத்திருந்தார், ஆட்களை அமர்த்தினார், உத்தரவுகளில் கையெழுத்திட்டார், புத்தகம் அச்சிட்டார். இவற்றுக்கெல்லாம் காகிதம் மிஞ்சியிருக்கிறது. நூலை அந்தக் காகிதங்களிலிருந்து கட்டுங்கள். 120 பக்கம் போதாமல் போகும்.

முதலில் செவிலிக் கதையை எடுத்துவிடலாம். 1543 ஜூலை 12 அன்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், ராணியின் தனி அறையில், சுமார் 20 பேர் முன்னிலையில் பிஷப் ஸ்டீபன் கார்டினர் திருமணத்தை நடத்திவைத்தார். மணமகளுக்கு 30 அல்லது 31 வயது, மன்னருக்கு 52. மன்னரின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட அரண்மனையில் மருத்துவர்களும் அறுவை வைத்தியர்களும் மருந்து தயாரிப்போரும் சம்பளத்துக்கு இருந்தார்கள். ராணிக்குத் தனி மாளிகைப் பகுதி, தனிப் பரிவாரம். இன்னொன்றையும் கவனியுங்கள். 1546 கிறிஸ்துமஸின்போது மன்னர் லண்டனில் நோய்வாய்ப்பட்டிருந்தார். ராணி கிரீனிச் அரண்மனைக்கு அனுப்பப்பட்டிருந்தார். மன்னர் 1547 ஜனவரி 28 அன்று இறந்தார். கடைசி வாரங்களில் மனைவியை அருகில் வைத்துக்கொள்ளாத மன்னருக்கு அந்த மனைவியே செவிலியாக இருந்தார் என்று எழுதுவது பொருந்தாது. இந்தச் சித்திரம் 19-ஆம் நூற்றாண்டு விக்டோரியா கால எழுத்தாளர்கள் தீட்டியது. நல்ல மனைவி என்றால் நோயாளிக்குப் பணிவிடை செய்பவள் என்பது அவர்கள் காலத்து இலக்கணம்.

அதே காலம் பரப்பிய இன்னொரு பிழை முதல் கணவரைப் பற்றியது. 1529-இல் லிங்கன்ஷயரின் கெய்ன்ஸ்பரோ குடும்பத்து எட்வர்டு பரோவை மணந்தார் கேத்தரின். அவர் புத்தி பேதலித்த கிழவர் என்று பழைய நூல்களில் இருக்கும். அந்தக் கிழவர் மணமகனின் தாத்தா. அவர் பெயரும் எட்வர்டுதான். அவர் 1528-இலேயே இறந்துவிட்டார். கேத்தரின் மணந்தது இளைஞரான பேரனை. 1533-இல் அவரும் இறந்தார். டியூடர் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது சாதாரணம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு இரண்டையும் எழுதிய ஒரு பட்டியலைத் தயாரித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எட்வர்டுகள், நாலைந்து தாமஸ்கள், மூன்று ராணி கேத்தரின்கள் என்று நீங்களே குழம்பிப்போவீர்கள். தமிழில் அரகானின் கேத்தரின், கேத்தரின் ஹோவர்டு, கேத்தரின் பார் என்று முழுப் பெயரையே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

இரண்டாவது கணவர் லாட்டிமர் பிரபு. 1534-இல் திருமணம், அவருக்கு முந்தைய மனைவி வழியில் ஒரு மகன், ஒரு மகள். யார்க்ஷயரின் ஸ்னேப் கோட்டையில் வாசம். 1536-இல் மடாலயங்களை மூடியதை எதிர்த்து வடக்கே பெரும் கிளர்ச்சி எழுந்தது. லாட்டிமர் அதில் இழுத்துவிடப்பட்டார். 1537 ஜனவரியில் அவர் லண்டனுக்குப் புறப்பட்டதும் கிளர்ச்சியாளர்கள் ஸ்னேப் வீட்டுக்குள் புகுந்தார்கள். நான் திரும்பாவிட்டால் வீட்டை அழிப்பார்கள், என் மனைவி மக்களை என்ன செய்வார்களோ தெரியாது என்று வழியில் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் எழுதுபவர்கள் தடுமாறுகிறார்கள். கேத்தரின் கிளர்ச்சியாளர்களிடம் வாதாடினார், பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டார் என்றெல்லாம் எழுதக் கை துடிக்கும். கடிதத்தில் இருப்பது கணவரின் பயம் மட்டும். அந்தப் பயத்தை அப்படியே எழுதினாலே காட்சி நிற்கும். லாட்டிமர் 1543 மார்ச்சில் இறந்தார். நான்கே மாதத்தில் கேத்தரின் ராணி.

இடையில் தாமஸ் சீமோர் மீது அவருக்கு விருப்பம் இருந்தது. இதற்கு ஊகம் தேவையில்லை. 1547-இல் சீமோருக்கு எழுதிய கடிதத்தில், முன்பு நான் சுதந்திரமாக இருந்தபோதே வேறு எவரையும்விட உங்களை மணக்கவே முழு மனதாக இருந்தேன், கடவுள்தான் என் விருப்பத்தைத் தடுத்து வேறு வழியில் நடத்தினார் என்று அவரே சொல்கிறார். மன்னரை மணந்ததை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. இந்தக் கடிதத்தை நூலின் கடைசியில் தள்ளாமல், 1543 திருமணத்தைச் சொல்லும் இடத்திலேயே கொண்டுவாருங்கள்.

ராணியானதும் நடந்ததை அலுவலகம் அமைப்பதுபோல எழுதலாம். ராணிகளுக்கென்று வழிவழியாக வரும் நிலங்கள், லண்டனில் பேனார்ட்ஸ் கோட்டை, பிறகு செல்சீ, ஹான்வொர்த் மாளிகைகள் அவருக்கு ஒதுக்கப்பட்டன. சித்தப்பா வில்லியம் பார் அவருடைய சேம்பர்லெயின், அதாவது அரண்மனைப் பகுதியின் தலைமை அதிகாரி. தங்கை ஆன் ஹெர்பர்ட் பரிவாரத்தில். தம்பி வில்லியம் அதே ஆண்டு டிசம்பரில் எசெக்ஸ் ஏர்ல் ஆனார்; ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம். சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நூலின் நடுப்பகுதி 1544 கோடையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுத்து ஜூலை 14 அன்று கடலைக் கடந்தார். பூலோன் நகரம் செப்டம்பர் நடுவில் வீழ்ந்தது. மாதக் கடைசியில் அவர் திரும்பினார். இந்த 11 வாரமும் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பு ராணியிடம். ஜூலை 7 அன்று மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் எழுதிய குறிப்பின்படி அரசு ஆணைகள் அவர் பெயரிலேயே செல்ல வேண்டும். ஆலோசகர்கள் ஐவர்: ஆர்ச்பிஷப் கிரான்மர், லார்டு சான்சலர் ரையத்ஸ்லி, தாமஸ் சீமோரின் அண்ணன் ஹெர்ட்ஃபோர்டு ஏர்ல், பிஷப் தர்ல்பி, செயலாளர் வில்லியம் பெட்ரி. ஹென்றியின் ஆறு ராணிகளில் இப்படிப் பொறுப்பேற்றவர்கள் இருவர்தான். முன்னவர் அரகானின் கேத்தரின். 1513-இல் ஸ்காட்லாந்துப் படை ஃப்ளாடனில் தோற்கடிக்கப்பட்டபோது ஆட்சி அவர் கையில் இருந்தது. கேத்தரின் பாரின் தாய் மாட் அந்த ராணியின் பரிவாரத்தில் பணியாற்றியவர் என்பதால், ஒரு ராணி எப்படி அரசாள்வார் என்பது மகள் வளர்ந்த வீட்டில் தெரிந்த விஷயமாகவே இருந்திருக்கும்.

அந்த 11 வாரத்தை நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பிரான்சில் இருக்கும் படைக்குப் பணமும் ஆளும் அனுப்ப வேண்டும். வடக்கே ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். பதில் போக வேண்டும். லண்டனில் கொள்ளைநோய், நோய் கண்ட வீட்டார் அரசவைப் பக்கம் வரக்கூடாது என்று பிரகடனம். ராணியின் பெயரில் மொத்தம் ஐந்து பிரகடனங்கள் வெளிவந்தன. கையெழுத்தையும் கவனியுங்கள். வழக்கமாக அவர் 'ராணி கேத்தரின்' என்று எழுதி, பக்கத்தில் கே, பி என்ற இரண்டு எழுத்துகளை இடுவார். இந்த வாரங்களில் மட்டும் 'ரீஜன்ட்', அதாவது மன்னர் இல்லாதபோது ஆள்பவர், என்ற பதவியும் சேர்ந்துகொள்ளும். தேதி இல்லாத கடிதம் கையில் கிடைத்தால் இது ஒரு பிடி. பி என்பது பிறந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்து. மன்னரை மணந்தபோதும், பிறகு சீமோரை மணந்தபோதும் அவர் அதை விடவில்லை.

மன்னரின் முந்தைய மனைவியர் வழிப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்தார் என்பதைச் சற்றுத் தணித்து எழுதுங்கள். 1543-இல் மேரிக்கு 27 வயது, சிற்றன்னையைவிட நான்கு வயதுதான் குறைவு. அவர் பெரும்பாலும் அரசவையில் கூடவே இருந்தார். எலிசபெத்துக்கு 9, எட்வர்டுக்கு 5. எட்வர்டுக்குத் தனி மாளிகை, தனி ஆசிரியர்கள். உறவு இருந்தது, அது கடிதங்களிலும் புத்தகங்களிலும் வளர்ந்தது. 1544 ஜூலை 31 அன்று எலிசபெத் அவருக்கு இத்தாலிய மொழியில் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 31 தேதியிட்ட கடிதத்தோடு, நவார் அரசி மார்கரீத்தின் பிரெஞ்சுக் கவிதையை ஆங்கிலத்தில் பெயர்த்து, உறையில் ராணியின் முதலெழுத்துகளைப் பின்னல் வேலை செய்து, புத்தாண்டுப் பரிசாக அனுப்பினார். 11 வயதுச் சிறுமியின் கைவேலை அது. இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. மகள்கள் இருவரையும் வாரிசு வரிசையில் மீண்டும் சேர்த்த 1544 சட்டத்தை ராணியின் சாதனை என்று பலர் எழுதுகிறார்கள். சட்டத்தின் முன்னுரை சொல்லும் காரணம் மன்னர் பிரான்சுக்குக் கடல் கடந்து போகவிருப்பது. வாரிசு உரிமை தந்த அந்தச் சட்டம் அவர்களை முறைப்படி பிறந்தவர்கள் என்று அறிவிக்கவும் இல்லை. ராணி நல்லெண்ணம் கொண்டிருந்தார் என்று சொல்லலாம். சட்டத்தை அவர் இயற்றவைத்தார் என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும்.

எழுத்தாளராக அவரைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதாமல் விடாதீர்கள். 1544 ஏப்ரலில் அரசு அச்சகர் தாமஸ் பெர்த்தலெட் வெளியிட்ட ஒரு பிரார்த்தனை நூலில் பெயர் இல்லை. பிஷப் ஜான் ஃபிஷர் லத்தீனில் எழுதியதன் மொழிபெயர்ப்பு, கேத்தரினுடையது என்று இன்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1545-இல் வந்த இரண்டாவது நூலில் அவர் பெயர் அச்சாகியது. தம் பெயரில் புத்தகம் வெளியிட்ட முதல் இங்கிலாந்து ராணி அவர். மூன்றாவது, பாவியின் புலம்பல் என்ற பொருள்படும் தலைப்புடையது. கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்ற சீர்திருத்தக் கொள்கையை அதில் வெளிப்படையாகவே எழுதினார். அது அச்சானது 1547 நவம்பரில், ஹென்றி இறந்து ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அந்த இடைவெளியைச் சும்மா கடந்துவிடாதீர்கள். உங்கள் கைது உத்தரவுக் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

அந்தக் கதைக்கு வருவோம். மன்னரோடு ராணி மத விஷயங்களில் வாதாடுவார், எரிச்சலடைந்த மன்னரின் பேச்சைப் பிஷப் கார்டினர் பிடித்துக்கொண்டார், குற்றச்சாட்டுகள் எழுதப்பட்டு மன்னர் கையெழுத்தும் ஆயிற்று, அந்தத் தாளை ஒருவர் தவறவிட, அது ராணியின் கைக்கு வந்தது, அவர் படுக்கையில் விழுந்தார், மருத்துவர் வெண்டி விஷயத்தைச் சொன்னார், ராணி மன்னரிடம் போய், உங்கள் வலியை மறக்கச் செய்யவும் உங்களிடம் கற்கவுமே வாதாடினேன் என்றார், சமாதானமாயிற்று. மறுநாள் 40 காவலரோடு தோட்டத்துக்கு வந்த ரையத்ஸ்லியை மன்னர் திட்டி விரட்டினார்.

இவ்வளவும் வருவது ஒரே இடத்திலிருந்து: ஜான் ஃபாக்ஸ் எழுதிய மதத் தியாகிகள் வரலாறு. அதிலும் 1563-இன் முதல் பதிப்பில் இது இல்லை. 1570 பதிப்பில்தான் சேர்கிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் 1546-க்கும் அதற்கும் 24 ஆண்டு இடைவெளி. ஃபாக்ஸ் ஒரு புராட்டஸ்டன்ட். பழைய மத மரபைக் காக்க நின்ற கார்டினர் அவருக்கு வில்லன். நாடகத்துக்கு ஏற்றாற்போல் தாள் கீழே விழுகிறது, காவலர் சரியான நேரத்தில் வருகிறார்கள். அதனால் கதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ராணியைச் சுற்றி ஆபத்து இருந்ததற்கு 1546-லேயே எழுதப்பட்ட சான்றுகள் உண்டு. பிப்ரவரி 27 அன்று புனித ரோமப் பேரரசரின் தூதர் ஃபான் டெர் டெல்ஃப்ட், புதிய ராணி வரப்போவதாக வதந்தி உலவுகிறது என்று எழுதினார். இப்போதைய ராணிக்குக் குழந்தை இல்லாததைச் சிலர் காரணம் சொல்வதாகவும் குறிப்பிட்டார். ஜூலை 8 அன்று சீர்திருத்த நூல்களைத் தடைசெய்யும் பிரகடனம் வந்தது. ஜூலை 16 அன்று ஆன் ஆஸ்க்யூ என்ற பெண் ஸ்மித்ஃபீல்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். நற்கருணை அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை அவர் மறுத்தார். 1539 சட்டப்படி அதற்குத் தண்டனை எரிப்பு.

ஆன் ஆஸ்க்யூவின் சொந்த வாக்குமூலம் மறைவாக வெளிநாட்டுக்குப் போய், ஜான் பேல் அதை அச்சிட்டார். அதை அவசியம் படியுங்கள். லண்டன் டவரில் ரையத்ஸ்லியும் ரிச்சர்டு ரிச்சும் உடலை இழுக்கும் எந்திரத்தில் அவரைக் கிடத்திச் சித்திரவதை செய்து கேட்ட கேள்வி: உன் கூட்டத்தில் வேறு யார்? அவர்கள் பெயர் சொல்லிக் கேட்ட சீமாட்டிகளில் சஃபோக் பிரபுவின் விதவை, ஹெர்ட்ஃபோர்டு ஏர்லின் மனைவி, மன்னரின் அந்தரங்கப் பணியாளர் டென்னியின் மனைவி ஆகியோர் இருக்கிறார்கள். ராணியைச் சூழ்ந்திருந்தவர்கள் இவர்கள்தான். நீலச் சட்டைக்காரர் ஒருவர் 10 ஷில்லிங் கொடுத்து ஹெர்ட்ஃபோர்டு சீமாட்டி அனுப்பியதாகச் சொன்னார், ஊதாச் சட்டைக்காரர் 8 ஷில்லிங் கொடுத்து டென்னி சீமாட்டி அனுப்பியதாகச் சொன்னார், உண்மையா என்று எனக்குத் தெரியாது என்கிறார் ஆன். ராணியின் பெயர் அந்த வாக்குமூலத்தில் வரவில்லை. வலை எந்தத் திசையில் வீசப்பட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே அந்த அத்தியாயத்தை ஆன் ஆஸ்க்யூவிடமிருந்து தொடங்கி, தூதரின் கடிதத்தைக் காட்டி, அச்சேறாமல் இருந்த ராணியின் மூன்றாவது நூலை நினைவூட்டி, அதன் பிறகு 'ஃபாக்ஸ் சொல்வதாவது' என்ற அடைமொழியோடு கைதுக் கதைக்கு வாருங்கள். நூலின் முதல் அத்தியாயமாக வைக்காதீர்கள். இருப்பவற்றுள் பலவீனமான சான்றை வாசலில் வைத்தால், பின்னால் வரும் உறுதியான சான்றுகளையும் வாசகர் கதையாகவே படிப்பார். 1544-இல் அவருக்கு ஆலோசகராக அமர்ந்த ரையத்ஸ்லியே 1546-இல் வேட்டையாடுபவராக நிற்பதை வாசகர் உணர வேண்டுமானால், ஆட்சி அத்தியாயம் முன்னால் வந்தாக வேண்டும்.

மூல ஆவணங்கள் பற்றி. எட்டாம் ஹென்றி காலத்துக் கடிதங்கள், அரசு ஆவணங்களின் சுருக்கத் தொகுதிகள் 21 உள்ளன. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். 1543-க்கு 18-ஆம் தொகுதி, 1544-க்கு 19, 1545-க்கு 20, 1546 முதல் மன்னர் மறைவு வரை 21. ஒவ்வொன்றும் இரண்டு பகுதி. பக்க எண்ணைவிட ஆவண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இந்தத் தொகுதிகளில் பெரும்பாலும் இருப்பது 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் எழுதிய சுருக்கம். அதை மொழிபெயர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டு 'ராணி எழுதினார்' என்று சொன்னால் அது பிழை. மேற்கோளாகத் தர வேண்டியவற்றுக்கு முழு வாசகம் வேண்டும். கேத்தரினின் நூல்களையும் கடிதங்களையும் முழுமையாகத் தொகுத்துச் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011-இல் வெளியிட்டிருக்கிறது, பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். ஃபாக்ஸின் நான்கு பதிப்புகளும் இணையத்தில் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கும்படி இலவசமாக உள்ளன.

தேதியில் இரண்டு பொறிகள். அன்று அரசு ஆவணங்களில் ஆண்டு மார்ச் 25-இல் பிறக்கும். ஆகவே மன்னர் இறந்த ஜனவரி, அவர்கள் கணக்கில் 1546. பரிசு கொடுக்கும் புத்தாண்டோ ஜனவரி 1. அடுத்தது ஆட்சியாண்டு: ஹென்றியின் 36-ஆம் ஆட்சியாண்டு என்றால் 1544 ஏப்ரல் 22 முதல் 1545 ஏப்ரல் 21 வரை. மூன்று பத்தியுள்ள ஒரு அட்டவணையில் ஆவணத்தில் உள்ள தேதி, இன்றைய ஆண்டுக் கணக்கு, ஆட்சியாண்டு என்று எழுதிக்கொண்டால் தவறாது.

பணத்தை ரூபாய்க்கு மாற்றாதீர்கள். எந்த விகிதம் வைத்தாலும் தவறாகும். 1 பவுண்டு 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்ஸ். தச்சர், கொத்தனார் போன்ற தொழிலாளிக்கு அன்று நாள் கூலி சுமார் 6 அல்லது 7 பென்ஸ். ஆன் ஆஸ்க்யூவுக்கு வந்த 10 ஷில்லிங் அப்படிப்பட்டவரின் மூன்று வாரச் சம்பாத்தியம். ஹென்றியின் உயில் கேத்தரினுக்கு 3,000 பவுண்டு மதிப்புள்ள வெள்ளிப் பாத்திரம், நகை, வீட்டுச் சாமான்களும் ரொக்கமாக 1,000 பவுண்டும் தந்தது. அந்த ரொக்கம் மட்டுமே ஒரு தொழிலாளி 110 ஆண்டுக்கும் மேல் உழைத்தால் கிடைக்கும் தொகை. இப்படி எழுதினால் வாசகருக்குப் புரியும். அதே உயில் ஆட்சியை 16 நிறைவேற்றுநர்களிடம் ஒப்படைத்தது; அதில் ராணி இல்லை. 1544-இல் நாட்டை ஆண்டவருக்கு 1547-இல் இடமில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

சீமோர் விவகாரத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 1547 வசந்தத்தில், மன்னர் மறைந்து சில மாதங்களிலேயே, இரகசியத் திருமணம் நடந்தது. கருவுற்றிருந்தால் குழந்தை யாருடையது என்ற வாரிசுச் சிக்கல் எழும் என்பதால் அரசவை கொதித்தது. எலிசபெத் அப்போது சிற்றன்னையின் வீட்டில் வளர்ந்தார். 13, 14 வயது. சீமோர் காலையில் அந்தச் சிறுமியின் படுக்கையறைக்குள் போவதும் தட்டுவதும் தொடுவதுமாக இருந்தார். இதைக் காதல் என்றோ சபலம் என்றோ முக்கோணக் கதை என்றோ எழுதக்கூடாது. பொறுப்பில் இருந்த ஒரு வயது வந்த ஆண் ஒரு சிறுமியிடம் செய்த அத்துமீறல் அது. அந்தச் சொல்லாலேயே எழுதுங்கள். ஹான்வொர்த் தோட்டத்தில் சீமோர் எலிசபெத்தின் உடையை வெட்டியபோது கேத்தரின் அந்தச் சிறுமியைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் வாக்குமூலம் இருக்கிறது. உங்கள் நாயகி என்பதற்காக அதை விடாதீர்கள். 1548 மே மாதத்தில் எலிசபெத் செஷண்டில் டென்னியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இந்தச் செய்திகள் யார் வாயிலிருந்து, எப்போது வந்தவை என்பதையும் சொல்லிவிடுங்கள். 1549 தொடக்கத்தில் சீமோர் மீது தேசத்துரோக விசாரணை நடந்தபோது, எலிசபெத்தின் செவிலித்தாய் கேட் ஆஷ்லியும் கணக்கர் தாமஸ் பாரியும் காவலில் இருந்துகொண்டு கொடுத்த வாக்குமூலங்கள் இவை. இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றவும் எஜமானியைக் காப்பாற்றவும் முயன்றவர்கள். சீமோர் எலிசபெத்தை அணைத்துக்கொண்டிருந்ததைக் கேத்தரின் கண்டார் என்பது, ஆஷ்லி சொன்னதாகப் பாரி சொன்னது. மரணப்படுக்கையில் கேத்தரின், என்னைச் சுற்றியிருப்பவர்கள் என் துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கணவர் கையைப் பிடித்தபடி சொன்னதும் எலிசபெத் டிர்விட் என்ற சீமாட்டி கொடுத்த வாக்குமூலம்தான்.

மரணம் க்ளாஸ்டர்ஷயரின் சூட்லி கோட்டையில். 1548 ஆகஸ்ட் 30 அன்று மகள் மேரி பிறந்தாள். செப்டம்பர் 5 அன்று தாய் இறந்தார். பிரசவக் காய்ச்சல். பேறுபார்ப்பவர் கையிலிருந்து கிருமி தொற்றுவது அன்று எவருக்கும் தெரியாது. மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல், பிறகு பிதற்றல், பிறகு மரணம் என்பது அதன் வழக்கமான போக்கு. மரணப்படுக்கையில் அவர் சொன்ன அந்த வார்த்தைகளை இந்த நோயின் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். விஷம் வைத்தார்கள் என்ற பழைய வதந்திக்கு இடம் கொடுக்கத் தேவையில்லை. இறுதிச் சடங்கு ஆங்கிலத்தில், புராட்டஸ்டன்ட் முறையில் நடந்தது. மைல்ஸ் கவர்டேல் பிரசங்கம் செய்தார். முதன்மைத் துக்கம் கொண்டாடியவர், பின்னாளில் சில நாள் மட்டும் ராணியாக அறிவிக்கப்பட்ட சிறுமி ஜேன் கிரே. சீமோர் 1549 மார்ச் 20 அன்று தலை வெட்டப்பட்டார். குழந்தை மேரி, சஃபோக் பிரபுவின் விதவை மனைவி கேத்தரின் வில்லோபியிடம் ஒப்படைக்கப்பட்டாள். பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்று அவர் எழுதிய கடிதங்கள் உண்டு. 1550-க்குப் பிறகு மேரி ஆவணங்களில் இல்லை. அவள் வளர்ந்து மணந்து சந்ததி விட்டாள் என்று பிற்காலக் குடும்பக் கதைகள் சொல்லும். அவற்றை நூலில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக அட்டைப்படம். இணையத் தேடலில் வரும் முதல் படத்தை எடுத்துவிடாதீர்கள். லாம்பெத் அரண்மனையில் கேத்தரின் பார் என்று நெடுங்காலம் தொங்கிய ஓவியம் அரகானின் கேத்தரினுடையது என்று 2013-இல் தெரியவந்தது. லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் 4451-ஆம் எண் ஓவியத்துக்கோ நேர்மாறான கதை. சுமார் 1545-இல் மாஸ்டர் ஜான் என்ற ஓவியர் வரைந்த முழு உருவம் அது. பல ஆண்டுகள் ஜேன் கிரே என்று பெயரிடப்பட்டிருந்தது. மார்பில் உள்ள, மேற்பகுதி கிரீட வடிவில் அமைந்த நகை கேத்தரின் பாரின் நகைப் பட்டியலோடு பொருந்துவதைக் காட்டி, வரலாற்றாய்வாளர் சூசன் ஜேம்ஸ் 1996-இல் அது கேத்தரின்தான் என்று நிறுவினார். ஆகவே ஜேன் கிரே என்ற தலைப்பில் அதே படம் இன்னமும் பல தளங்களில் சுற்றும். அதே கேலரியின் 4618-ஆம் எண், சிவப்புத் தொப்பியில் வெள்ளை இறகோடு உள்ளது, அவர் இறந்த பிறகு அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்டது. உங்களுக்கு ஏற்றது 4451. விற்பனைக்கு வரும் நூலின் அட்டை என்பதால் இலவசப் பதிவிறக்க உரிமம் செல்லாது. கேலரியின் பட உரிமப் பிரிவுக்கு ஓவிய எண், அச்சிடும் பிரதிகள், மொழி, அட்டையா உள்பக்கமா என்ற நான்கையும் எழுதிக் கட்டணம் கேளுங்கள்.